களிம்பும் துலக்கமும்

பொங்கல், கார்த்திகை முதலிய திருநாள்கள் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் முதலில் வெளிவருவன பரண்மேல் உறங்கும் பித்தளைப் பாத்திரங்களும், பூசையறைக் குத்துவிளக்குகளும், பெட்டிக்குள் கறுத்துக் கிடக்கும் வெள்ளிக் கிண்ணங்களுமே ஆகும். அவற்றோடு பாட்டனார் காலத்துச் சுருக்குப்பை ஒன்று வெளிவருவதும் உண்டு. அதனுள் நாலைந்து பழங்காசுகள் இருக்கும். புளியும் சாம்பலும் கொண்டுவந்து அனைத்தையும் ஒருசேரத் தேய்த்துப் பளபளக்கச் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். எல்லா உலோகமும் ஒன்றல்ல. எல்லா அழுக்கும் ஒன்றல்ல. குத்துவிளக்குக்கு நன்மையாவது பழங்காசுக்குக் கேடாய் முடியும். ஆகவே எதனை எதனால் துலக்கலாம், எதனைத் துலக்காது விடவேண்டும் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதற்கண் உலோகத்தின்மீது காணப்படும் அழுக்கு யாது எனக் கேட்போம். அது இருவகைப்படும். எண்ணெய்ப் பிசுக்கு, புகை, தூசி ஆகியவை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. இவற்றைக் கழுவிவிட்டால் உலோகம் முன்போலவே இருக்கும். அதற்கு இழப்பு ஒன்றும் இல்லை. மற்றொரு வகை அத்தகையதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவும், ஈரமும், கரியமில வாயுவும், கந்தகம் கலந்த ஆவிகளும் உலோகத்தின் மேற்பரப்போடு கூடி அதனை வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. செம்பின் கறுப்பும் பச்சைக் களிம்பும், வெள்ளியின் கருமையும், இரும்பின் துருவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை உலோகத்தின்மேல் படிந்தவை அல்ல, உலோகமே உருமாறியவை. எனவே இவற்றை நீக்கும் ஒவ்வொரு முறையும் உலோகத்தில் ஓர் அணுவளவேனும் நீங்குகிறது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

செம்பிற் களிம்பு என்பது சைவ சித்தாந்த நூல்களில் பெரிதும் ஆளப்பட்ட உவமை. களிம்பு செம்போடு உடனாய்த் தோன்றியது என்பது அவ்வுவமையின் கருத்து. இரசாயன நூலாரோ அதனைச் செம்பும் காற்றும் ஈரமும் கூடியதால் வந்த விளைவு என்பர். புதிய செம்பு காற்றுப்பட்டதும் முதலில் மங்கிச் சிவந்து பழுப்பாகிறது. சூடு பட்டால் கறுக்கிறது. ஈரத்திலும் புளிப்பிலும் நெடுநாள் கிடந்தால் பச்சை பூக்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த கலப்புலோகம். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. இவ்விரண்டிலும் மிகுதியாய் இருப்பது செம்பே. ஆதலின் இவற்றின் அழுக்கும் பெரும்பாலும் செம்பின் அழுக்கே.

இவ்வழுக்குக்கு நம் முன்னோர் கண்ட மருந்து புளி. புளியின் சதையில் டார்டாரிக் அமிலம் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கும், கடையில் விற்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 அல்லது 5 பங்கும் உண்டு. இம் மெல்லிய அமிலங்கள் உருமாறிய கறுப்பையும் களிம்பையும் விரைவிற் கரைக்கும்; அடியிலுள்ள நல்ல செம்பை அத்துணை எளிதில் தொடமாட்டா. இதுவே புளியின் சிறப்பு. சிறிது உப்புச் சேர்த்தால் வேலை இன்னும் விரைவாகும். உப்பிலுள்ள குளோரின் கூறு, கரைந்த செம்பைப் பிடித்து நீரில் நிறுத்த உதவுகிறது.

முறை வருமாறு. எலுமிச்சங்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, ஒரு தேக்கரண்டி உப்பைச் சேர்க்க வேண்டும். விளக்கின் எண்ணெய்ப் பிசுக்கை முதலிற் சீயக்காய்ப் பொடி அல்லது சோப்பும் வெந்நீரும் கொண்டு போக்கிவிட வேண்டும். பிசுக்கு இருக்குமிடத்தில் புளி செல்லாது. பின்னர்ப் புளிக் கரைசலைப் பூசி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, தேங்காய் நாரினாலோ துணியினாலோ தேய்த்து, நிறைந்த நீரில் நன்றாய் அலம்பி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும். அலம்புவதில் சோம்பல் கூடாது. இடுக்குகளில் உப்பும் புளியும் தங்கினால் மறுவாரமே அங்கே பச்சை பூத்துவிடும். இரவு முழுவதும் ஊறவிட்டால் இன்னும் பளபளக்கும் என்று கருதுவோர் உளர். அவ்வாறு செய்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் முற்படக் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மேலே நிற்கும். பொன்னிறப் பாத்திரம் திட்டுத்திட்டாகச் சிவந்துவிடும். அச்சிவப்பு அழுக்கன்று, பாத்திரம் அடைந்த காயமாகும்.

செங்கற்பொடியும் ஆற்றுமணலும் இட்டுத் தேய்ப்பதும் பழைய வழக்கம். இவற்றில் உள்ள பளிங்குக்கல் துகள் செம்பையும் பித்தளையையும்விட மிகக் கடினமானது. அடிப்பிடித்த அண்டாவுக்கு அது தகும். வேலைப்பாடு அமைந்த விளக்குக்குத் தகாது. அன்னத்தின் கண்ணும் மூக்கும் தேய்ந்து மழுங்கிய குத்துவிளக்குகளைப் பல வீடுகளிற் காண்கிறோம். அவற்றைத் தேய்த்தது காலம் அன்று, செங்கற்பொடியே.

மாணவர்க்குப் பாடஞ்சொல்லிப் பழகியவன் ஆதலால், வீட்டிலுள்ள சிறுவர் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றை இங்கே கூற விரும்புகிறேன். பழைய மின்கம்பியிலிருந்து எடுத்த கறுத்த செம்பு இழைகள் ஒரு பிடி கொள்க. ஒரு கண்ணாடிக் குவளையில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, அதில் ஒரு சிட்டிகை உப்பிட்டு, இழைகளைப் பாதியளவு மூழ்கும்படி நிறுத்துக. சில நிமிடங்களில் மூழ்கிய பாதி ஒளிரும். மூழ்காத பாதி கறுத்தே நிற்கும். நீங்கிய கறுப்பு எங்கே போயிற்று என்று சிறுவரைக் கேளுங்கள். தண்ணீரில் போயிற்று என்பார்கள். அதற்குச் சான்று என்ன? இழைகளை எடுத்துவிட்டு, நன்றாய்த் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பாணி ஒன்றை அச்சாற்றில் இட்டு வையுங்கள். சில மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஆணியின்மேல் சிவந்த செம்புப் பூச்சு படிந்திருக்கும். சாற்றிற் கரைந்திருந்த செம்பு இரும்பின்மேல் வந்து அமர்ந்துவிட்டது. சோதனை முடிந்ததும் அச்சாற்றைக் கொட்டிவிட வேண்டும். ஒருவரும் வாயில் வைக்கலாகாது.

இந்தச் சோதனை விளையாட்டுக்காக மட்டும் சொல்லப்பட்டதன்று. பாத்திரத்தின் புறத்தே புளி செய்யும் வேலையை அகத்தேயும் செய்யும் என்பதை இது காட்டுகிறது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் இரசமும் புளிக்குழம்பும் மோரும் ஊற்றி வைத்தால், அவ்வாணியின்மேல் படிந்த செம்பைப் போன்ற செம்பு அவ்வுணவிலும் கரையும். அளவு மிகுந்தால் குமட்டலும் வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகும். இதனை அறிந்தே நம் முன்னோர் பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசுவித்தனர். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி அழுக்கைப் போக்கி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சினால் ஒரே சீராகத் தடவுவது அத்தொழில்.

புளிப்பற்ற பாலும் இவ்விதிக்கு விலக்கன்று. நம் நாட்டில் சிறு குழந்தைகளைக் கொள்ளைகொண்ட கல்லீரல் இறுக்க நோய் ஒன்று இருந்தது. அந்நோயுற்ற குழந்தைகளின் ஈரலில் செம்பு மிகுதியாய்ச் சேர்ந்திருந்தது. 1980-களில் புணே நகரில் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அக்குழந்தைகளிற் பலருக்குப் பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த விலங்குப் பால் இளமையிலேயே புகட்டப்பட்டது தெரியவந்தது. பாத்திரத்தை மாற்றிக்கொள்ளுமாறு பெற்றோர்க்கு அறிவுரை கூறப்பட்டது. எவர்சில்வர்ப் பாத்திரங்களும் பெருகின. அந்நோயும் இன்று அரிதாகிவிட்டது. இப்போது பித்தளைக்கும் செம்புக்கும் மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஈயப் பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சளோ சிவப்போ தெரியும் பாத்திரத்தில் பாலும் புளிப்பும் வைக்கக் கூடாது. உட்புறத்தை மணலும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்ப்பவர் தம் கையாலேயே அக்காப்பைப் போக்குகிறார் என்பதையும் மறத்தலாகாது. ஈயம் பூசுவிக்கும்போது வெள்ளீயந்தானா என உறுதி செய்துகொள்க; காரீயம் கலந்தால் அது நஞ்சு. இரசம் வைக்கும் ஈயச் சொம்பையும் வெறுமையாய் அடுப்பில் ஏற்றலாகாது. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகிவிடும்.

இனி வெள்ளிக்கு வருவோம். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். காற்றிலுள்ள கந்தக ஆவியும், முட்டை, வெங்காயம் முதலிய உணவுப் பொருள்களும், இரப்பர் வளையங்களும், கம்பளித் துணியும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். வெள்ளிக் கரண்டிகளை இரப்பர் வளையத்தாற் கட்டி வைத்தால், வளையம் பட்ட இடத்தில் கருங்கோடு விழுந்திருப்பதைக் காணலாம். வெள்ளிப் பாத்திரத்துக்குத் திருநீற்றை இட்டுத் தேய்க்கும் வழக்கம் அறிவுடையது. சாணத்தைச் சுட்டுச் சலித்தெடுத்த நீறு மிக நுண்ணியது. மெல்லிய துணியில் தொட்டு மெதுவாய்த் தேய்த்தால் கருமை போகும். கடையிற் கிடைக்கும் பொடி எதனால் ஆயது என்று தெரியாவிட்டால், பாத்திரத்தின் அடியில் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்து, கீறல் விழவில்லை என்று கண்ட பின்னரே பயன்படுத்துக.

தேய்க்காமலே கருமையைப் போக்கும் வழியும் ஒன்று உண்டு. கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தின் அடியில் உணவு சுற்றும் அலுமினியத் தாளை விரிக்க வேண்டும். அதன்மேல் வெள்ளிப் பொருளைத் தாளைத் தொடும்படி வைத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி சமையற்சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் கரைத்து ஊற்ற வேண்டும். சில நிமிடங்களில் அழுகிய முட்டை நாற்றம் மெல்ல எழும், வெள்ளி வெளுக்கும். இங்கே நிகழ்வது யாது? அலுமினியமும் வெள்ளியும் சோடா நீரும் சேர்ந்து, கைவிளக்கின் மின்கலம் போன்ற ஒரு சிறு மின்கலம் ஆகின்றன. அலுமினியம் தேய்ந்து மின்னாற்றலைத் தருகிறது. அதனால் கருமையிலிருந்த கந்தகம் பிரிந்து நீரிற் போக, வெள்ளி மீண்டும் வெள்ளியாகிறது. தேய்த்தால் கருமையோடு நீங்கிவிடும் வெள்ளி, இம்முறையிற் பெரும்பாலும் பாத்திரத்திலேயே தங்குகிறது. பின்னர்த் தண்ணீரில் அலம்பித் துடைத்துவிடலாம். ஆயினும் கல் பதித்த நகை, உள்ளே அரக்கு அடைத்த நகை, வேலைப்பாடு தெரியும்பொருட்டு வேண்டுமென்றே கறுப்பேற்றிய நகை ஆகியவற்றுக்கு இம்முறை ஆகாது.

பொன்னுக்குக் கருமை இல்லை. அதன்மேல் இருப்பது எண்ணெயும் வியர்வையும் தூசியுமே. பூந்திக்கொட்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கிடைக்கும் நுரையும் மெல்லிய தூரிகையும் போதும். முத்தும் பவளமும் பதித்த நகைமேல் எலுமிச்சையோ வினிகரோ படவே கூடாது. அவ்விரண்டும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. அமிலம் பட்டால் மேற்பரப்பு கரைந்து ஒளியிழந்துவிடும். பின்னர் எவ்வகையாலும் அவ்வொளி மீளாது. அலுமினியப் பாத்திரத்துக்கு ஆகாதது காரம். சலவைச் சோடாவும் சாம்பல் நீரும் அதனைக் கறுக்கவும் அரிக்கவும் செய்யும். இரும்பு அரிவாள்மணையின் துருவைப் புளியோ வினிகரோ நீக்கும். ஆனால் கழுவி உலர்த்தியவுடன் எண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே துரு மீளும்.

இறுதியாகச் சுருக்குப்பையிலுள்ள காசுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றைத் துலக்கப் புகுமுன் அவை எந்த உலோகம் என்று அறிய வேண்டும். ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாயில் நீண்ட காலம் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி இருந்தது. 1940-இல் அது 50 பங்காகக் குறைக்கப்பட்டது. 1947-இல் ரூபாய் நிக்கல் நாணயம் ஆயிற்று. 1943 முதல் வெளிவந்த ஓட்டைக் காலணா வெண்கலம். 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் தசம நாணய முறை வந்தபோது வெளியிடப்பட்ட ஒரு நயா பைசாவும் வெண்கலமே. 1962-இல் அது நிக்கல் பித்தளையாயிற்று. 1965 முதல் ஒரு பைசா அலுமினியத்தில் அடிக்கப்பட்டது. ஒரே பையில் இத்தனை உலோகங்கள் கலந்திருக்க, அனைத்தையும் ஒரே புளிக் கரைசலில் போடுவது எவ்வாறு தகும்?

அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. பழங்காசின் எழுத்தும் உருவமும் அதன் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிற் கிடந்த செப்புக்காசில் மேற்பரப்பு முழுவதும் களிம்பாகவே மாறியிருக்கும். அதாவது எழுத்தைத் தாங்கி நிற்பது அடியிலுள்ள செம்பு அன்று, அக்களிம்பே. புளியில் இட்டுத் தேய்த்தால் களிம்பு போகும். அதனோடு எழுத்தும் போகும். மிஞ்சுவது வழவழப்பான செப்புத் தகடு ஒன்றே. சங்ககாலப் பாண்டியரின் செப்புக்காசு ஒன்றில் 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டு வெளியிட்டார். கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் 'மாக்கோதை' என்னும் பெயர் காணப்படுகிறது. இலக்கியத்திற் கேட்ட பெயர்களுக்குக் காசு சான்று கூறிய இடங்கள் இவை. அவ்வெழுத்துகள் மிக மெல்லிய மேடுகள். அக்காசுகள் நம்மவர் கையில் செங்கற்பொடியோடு அகப்பட்டிருந்தால் அச்சான்று யாருக்கும் தெரியாமலே அழிந்திருக்கும். காசு சேர்ப்போரும் இதனாலேயே தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைவிட, இயல்பான நிறத்தோடு கூடிய காசுக்கே மிகுந்த விலை தருகின்றனர்.

ஆதலின் பழங்காசுக்குச் செய்யத்தக்கது மிகச் சிறிதே. மின்கலத்துக்கு ஊற்றும் வாலை வடிநீரில் ஊறவைத்து, ஒட்டிய மண் இளகிய பின் மெல்ல அலசி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துக. முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுக்கப் பழகுக. மென்மையான பிளாஸ்டிக் உறைகளிற் சில நாளடைவில் பச்சைப் பிசுக்கைக் கசியவிடும். நல்ல தாளுறையில் இட்டு, ஈரமில்லாத இடத்தில் வைப்பதே நன்று. செப்புக்காசில் வெளிறிய பச்சைப் பொடி புள்ளிபுள்ளியாய்ப் பூத்து உதிர்ந்தால், உள்ளே உப்புச் சத்து தங்கிச் செம்பைத் தின்கிறது என்று அறிக. அக்காசைப் பிறவற்றினின்றும் பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, வல்லாரிடம் காட்ட வேண்டும். இத்தகைய வேலைக்கெனவே சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் இரசாயனப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய ச. பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளைச் செம்மை செய்வதில் முன்னோடியாக விளங்கினார். அறிஞர்கள் கருவிகொண்டு நாட்கணக்கிற் செய்யும் வேலையை நாம் அடுப்பங்கரையில் அரைமணி நேரத்தில் செய்துவிட முயலலாகாது.

நிலத்தை உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ காசுக் குவியல் கிடைத்தால் அதற்குச் சட்டமும் உண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்னும் செய்தி காசைப்போலவே மதிப்புடையது. ஆகையால் கழுவாமல், பிரிக்காமல், கிடைத்தபடியே ஒப்படைப்பது கடமை.

இன்னும் ஓர் எச்சரிக்கை. கழிவறை கழுவும் திராவகத்தால் விளக்கையும் விக்கிரகத்தையும் கழுவுவோர் உளர். அது கறுப்போடு நில்லாது உலோகத்தையும் அரிக்கும். கைக்கும் கண்ணுக்கும் கேடு. சலவைத் தூளையும், அதாவது பிளீச்சிங் பவுடரையும், எந்த அமிலத்தோடும் கலக்கக் கூடாது. புளியும் வினிகரும்கூட அமிலங்களே. கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும்; அடைபட்ட அறையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

எனவே ஒரு பொருளைத் துலக்கக் கையில் எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது எந்த உலோகம்? இதில் உண்ணும் பொருள் வைக்கப்படுமா? இது எத்தனை பழமையானது? முதற் கேள்வியின் விடை புளியா, திருநீறா, பூந்திக்கொட்டையா என்பதைச் சொல்லும். இரண்டாவதன் விடை ஈயம் பூசுபவரை அழைக்க வேண்டுமா என்பதைச் சொல்லும். மூன்றாவதன் விடை, துலக்காமல் அப்படியே வைத்துவிட வேண்டுமா என்பதைச் சொல்லும். வரும் திருநாளில் பரண்மேலிருந்து பாத்திரங்களை இறக்கும்போது குழந்தைகளையும் உடன் அமர்த்திக்கொண்டு இவற்றைக் கேட்டுப் பாருங்கள். விளக்கைத் துலக்கும் வேலை அவர்களுக்கு நல்லதொரு இரசாயனப் பாடமாகவும் அமையும். சுருக்குப்பையிலுள்ள காசுகளும் எழுத்தழியாமல் அவர்கள் கைக்குச் சென்று சேரும்.